கை முத்திரைகள்: செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

இந்த மூன்றையும் சொல்லும்போது என் கைகள் என்ன செய்தன என்று கவனித்தீர்களா? வணக்கத்துக்கும் ஆயுபோவனுக்கும் இரண்டும் கூப்பின. ஸலாத்துக்கு வலக்கை தானாக நெஞ்சுக்குப் போனது. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்தப் பாடசாலையில் பதின்மூன்று வருடம் படித்ததால் வந்த பழக்கம்.

கை முத்திரைகளைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. ஓய்வு பெற்ற பிறகு யோகாசன வகுப்பு நடத்துகிறவள் என்பதால் என்னிடம் கேட்டார்கள். ஒத்துக்கொள்ள எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை நடுவில் சொல்கிறேன்.

நம் வயதுக்காரருக்கு முத்திரை என்றால் முதலில் நினைவுக்கு வருவது தபால் முத்திரைதான். இங்கிருந்து மணமுடித்துப் போன தோழிகள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழுதிய கடிதங்களில் இருந்த முத்திரைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிச் சேர்த்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பீர்கள். அந்தச் சொல்லும் இந்தச் சொல்லும் ஒன்றுதான். முத்திரை என்ற வடசொல்லுக்கு அடையாளம், இலச்சினை என்பது பொருள். அரசன் ஓலையை மடித்து மெழுகில் மோதிரத்தை அழுத்தினால் அது முத்திரை. ஓலை யாருடையது என்பதை அது சொல்லும்; உள்ளே இருப்பது வெளியே போகாமலும் காக்கும். கையால் பிடிக்கும் முத்திரைக்கும் இந்த இரண்டு வேலையும் உண்டு. பார்ப்பவருக்கு அது ஒரு செய்தி. பிடிப்பவருக்கு அது ஒரு பூட்டு.

செய்தி சொல்லும் முத்திரைகளை முதலில் பார்ப்போம்.

முன்னேஸ்வரத்துக்குப் போகாதவர் நம்மில் குறைவு. சைவர்கள் மட்டுமா போகிறோம்? சிங்களச் சகோதரிகளும் நேர்த்திக்கடனோடு வந்து நிற்கிறார்கள். சிவன் கோயில்களில் கருவறையின் தெற்குச் சுவரில் கல்லால மரத்தின்கீழ் அமர்ந்திருப்பவர் தட்சிணாமூர்த்தி. அவர் வாய் திறந்து பாடம் நடத்துவதில்லை. வலக்கையின் சுட்டுவிரலை வளைத்துப் பெருவிரலோடு சேர்த்து, மற்ற மூன்று விரல்களையும் நீட்டியபடி இருக்கிறார். அதுதான் சின்முத்திரை. சைவ சித்தாந்தம் இதற்குத் தரும் விளக்கம் நம் சமயபாட வகுப்பிலேயே வந்தது. பெருவிரல் இறைவன். சுட்டுவிரல் உயிர். விலகி நிற்கும் மூன்று விரல்களும் ஆணவம், கன்மம், மாயை. உயிர் அந்த மூன்றையும் விட்டு வளைந்தால் இறைவனைத் தொடும். ஒரு முழுச் சாத்திரத்தை ஒரு கையில் வைத்துக் காட்டுகிறார்.

பள்ளிச் சுற்றுலாவில் புத்தளம் வழியாக அநுராதபுரம் போனோமே, நினைவிருக்கிறதா? மகாமேவுனா வனத்தில் சமாதி சிலையின் முன் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். இடக்கையின்மேல் வலக்கை, இரண்டு உள்ளங்கையும் மேல்நோக்கி, மடியில். அது தியான முத்திரை. எனக்கு அன்று வெயிலும் தாகமும்தான் நினைவு. பின்னாளில் நேருவின் சுயசரிதையைப் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. 1931இல் அவர் இலங்கை வந்தார். அநுராதபுரத்தில் அமர்ந்த நிலையில் இருந்த ஒரு பழைய புத்தர் சிலை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் டேராடூன் சிறையில் இருந்தபோது இலங்கை நண்பர் ஒருவர் அந்தச் சிலையின் படத்தை அனுப்பினாராம். அதைத் தன் அறையின் சின்ன மேசையில் வைத்துக்கொண்டார். சமாதி சிலையின் கைகள் எந்தச் சமயத்தாரையும் பக்கத்தில் அமரச் சொல்லும் கைகள் என்று நான் நினைக்கிறேன்.

நடன வகுப்பில் பதாகம், திரிபதாகம் என்று ரீச்சர் தட்டுக்கழியால் தாளம் போட, விரல் வளைத்தோமே, அது வேறொரு கிளை. நந்திகேஸ்வரரின் அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக் கை அமைப்புகள் மட்டும் 28. அந்த நூலை ஆங்கிலத்தில் உலகறியச் செய்தவர்களில் ஒருவர் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1917இல் அது அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. பூசையில் குருக்கள் தீர்த்தத்தின்மேல் பசுவின் மடிபோல விரல்களைக் கோத்துக் காட்டுவது தேனு முத்திரை. இவையெல்லாம் கையால் பேசும் மொழி.

இங்கே வேறு இரண்டு பழக்கங்களையும் சொல்லவேண்டும். அவற்றுக்கு முத்திரை என்று பெயர் வைக்க எனக்கு உரிமையில்லை. அவை அவரவர் வழிபாடு. ஆனால் கைக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பை நான் முதலில் பார்த்தது அங்கேதான். என் பக்கத்து மேசைத் தோழி தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் ஓதும்போது மணிமாலை இல்லாமல், விரல் மடிப்புக் கோடுகளில் பெருவிரலை நகர்த்தி 33, 33, 34 என்று எண்ணுவாள். ஒரு நாளும் கணக்குத் தவறியதில்லை. ஒரு விரலுக்கு மூன்று கோடு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு என்று அவள் காட்டித் தந்ததை வைத்துத்தான் நான் கணக்குப் பாடத்தில் தப்பித்தேன். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பாட்டி செபமாலையை விரலால் உருட்டியபடியே தூங்கிவிட்டதையும் பார்த்திருக்கிறேன். தூக்கத்திலும் விரல் நகர்ந்தது.

உடப்புப் பிள்ளைகள் ஆடி மாதத்துப் பதினெட்டு நாள் திரௌபதை அம்மன் விழா முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது தீமிதிப்பைப் பற்றியே ஒரு வாரம் பேசுவார்கள். தலைக்குமேல் கூப்பிய கையை இறக்காமல் தீக்குழியைக் கடந்தவர்களைப் பற்றிக் கண் விரியச் சொல்வார்கள். கூப்பிய கை இறங்கினால் மனமும் இறங்கிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். பத்து வயதுப் பிள்ளை சொன்ன சொல். இன்றுவரை முத்திரைக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

இனி இரண்டாவது வேலைக்கு வருகிறேன், அந்தப் பூட்டு வேலைக்கு. கையை ஓர் இடத்தில் வைத்தால் மனம் ஏன் அடங்குகிறது?

கனடாவின் மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்புக்கு உரியது என்று 1930களில் வரைபடம் போட்டார். அந்தக் கணக்கின்படி ஒரு மனிதரை வரைந்தால் முதுகும் காலும் சிறுத்துப்போகும். உதடும் நாக்கும் கையும் பூதம்போல் பெருத்திருக்கும். உடலில் கை சிறியதுதான். மூளையில் அதற்கு ஒரு பெரிய காணி எழுதப்பட்டிருக்கிறது. விரல் நுனி இரண்டு மெதுவாகத் தொடும்போது அந்தக் காணிக்குத் தொடர்ந்து செய்தி போகிறது. மனம் அலையும்போது தொடுகை தளர்ந்துவிடும். விரல் பிரிந்ததை உணர்ந்ததும், ஓ, நான் எங்கோ போய்விட்டேன் என்று தெரியும். திரும்பி வருகிறோம். முத்திரையால் எனக்குத் தெரிந்த முதல் பயன் இதுதான்.

இரண்டாவது பயன் மூச்சினால் வருவது. இப்போது ஒரு கையின் விரல்களை மறுகை மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். அதைவிட மெதுவாக விடுங்கள். மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு சற்று விரைவதும், வெளியே வரும்போது சற்றுத் தணிவதும் சிலருக்குத் தெரியும்.

(இங்கே சபையினர் சில நிமிடங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தனர்.)

இதில் மந்திரமில்லை, உடம்பின் இயல்பு. வெளிமூச்சை நீட்டினால் துடிப்பு தணியும் நேரமும் நீளும். முத்திரையோடு அமர்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் நாம் செய்வது பெரும்பாலும் அதுதான். படபடப்புக் குறைகிறது, கோபம் ஆறுகிறது, பலருக்குத் தூக்கம் எளிதாகிறது. என் வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி, ஒத்துக்கொண்டதற்கான காரணம்.

2020இல் ஊரடங்கு வந்தபோது என் வகுப்பு ஃபோனுக்குள் போனது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு வந்த பல செய்திகளைச் சேர்த்து ஒரு தாளில் பன்னிரண்டு கை முத்திரைகளை வரைந்தேன். ஒவ்வொன்றின் கீழும் அது எந்த நோய்க்கு என்று எழுதினேன். ஐந்து விரலும் ஐந்து பூதம் என்ற கணக்கு உங்களுக்கும் வந்திருக்கும்: பெருவிரல் நெருப்பு, சுட்டுவிரல் காற்று, நடுவிரல் ஆகாயம், மோதிரவிரல் நிலம், சின்னவிரல் நீர். அந்தக் கணக்கின்படி எது கூடினால் எதை மடக்குவது என்று ஒரு பட்டியல். மூட்டுவலிக்கு ஒன்று, சீனி வியாதிக்கு ஒன்று. ஒன்பதாவது இடத்தில் அபான வாயு முத்திரை. சுட்டுவிரலைப் பெருவிரலின் அடியில் மடித்து, நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைப் பெருவிரல் நுனியோடு சேர்த்து, சின்னவிரலை நீட்டுவது. அதன்கீழ் நான் எழுதினேன்: "மாரடைப்பு வரும்போது உடனே பிடித்தால் உயிர் காக்கும்."

எங்கிருந்து எடுத்தேன்? யாரோ அனுப்பிய செய்தியிலிருந்து. அதை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. நானும் ஒரு ரீச்சர். முப்பது வருடம் பிள்ளைகளிடம், "இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டவள். அன்று அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அந்தத் தாளைப் போட்டோப் பிரதி எடுத்து வீடு வீடாகவும் கொடுத்தேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி, இந்தப் பாடசாலைப் பிள்ளைதான், அதை அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறேன்; பெயரை மட்டும் சொல்லாதே என்றாள். 2021 மாசி மாதத்தில் ஓர் இரவு இரண்டு மணியளவில் விழிப்பு வந்திருக்கிறது. நெஞ்சில் குத்தும் வலி என்று எதுவுமில்லை. தாடை இறுகியதுபோல் இருந்தது. இடது தோள் பாரம். குளிர் வியர்வை, வயிற்றைப் பிரட்டல். வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்திருக்கிறாள். பிறகு தாள் நினைவுக்கு வந்தது. மகனையும் மருமகளையும் எழுப்பவில்லை. கதிரையில் அமர்ந்து இரண்டு கையிலும் ஒன்பதாவது முத்திரையைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டாள். படபடப்புக் கொஞ்சம் தணிந்தது. அதுதான் வினையாகிப் போனது. குணமாகிறது என்று நம்பி அப்படியே இருந்துவிட்டாள். விடிந்து ஆறு மணிக்குத் தேநீர் வைக்க வந்த மருமகள் பார்த்தபோது முகம் வெளுத்துப்போய், விரல்கள் மட்டும் அப்படியே இருந்தனவாம்.

வைத்தியசாலையில் உயிர் தப்பினாள். இருதயத் தசைக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டால் அந்தத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு சீக்கிரம் அடைப்பை நீக்குகிறார்களோ அவ்வளவு தசை மிஞ்சும். அவள் அந்த நான்கு மணித்தியாலத்தையும் என் தாளுக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள்.

நான் பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்தபடி கையைத் தூக்கிக் காட்டினாள். "நான் சரியாத்தானே புடிச்சேன்? விரல் எதையும் பிழையா வச்சிட்டேனோ?" என்று கேட்டாள்.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. தன் விரலைக் குறை சொன்னாள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

அதன்பிறகுதான் படிக்கவேண்டியதைப் படித்தேன். யோகத்துக்கு நாம் அடிக்கடி பெயர் சொல்லும் நூல் ஹடயோகப் பிரதீபிகை. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் செய்தது. அதன் மூன்றாம் அத்தியாயம் முத்திரைகளைப் பற்றியது. பத்து முத்திரைகள் சொல்கிறது. மகாமுத்திரை, கேசரி, விபரீதகரணி, மூலபந்தம் என்று போகும் அந்தப் பட்டியலில் விரல் நுனிகளைச் சேர்ப்பது ஒன்றுகூட இல்லை. எல்லாம் முழு உடலையும், மூச்சையும், நாக்கையும், அடிவயிற்றையும் கொண்டு, குருவின் பக்கத்தில் இருந்து பழகவேண்டியவை. கேரண்ட சங்கிதை 25 சொல்கிறது. அவையும் அந்த வகைதான். நம் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் விரித்துச் சொல்கிறார். அவர் பேசுவது மூச்சையும் மனதையும் பற்றி. இந்த விரலுக்கு இந்த நோய் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது நம் காலத்துப் பழக்கம். பழைய நூல் என்று பெயர் போட்டு வந்ததால் நானும் தலைகுனிந்து ஏற்றேன். நூலைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு நான் தாள் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினேன். சிலர் சிரித்தார்கள். சிலர், "நல்லாத்தானே இருந்தது ரீச்சர், ஏன் கொண்டுபோறீங்க?" என்றார்கள். தாளைத் திரும்ப வாங்கலாம். ஃபோனில் அனுப்பியதை எங்கே போய்த் திரும்ப வாங்குவது? அது எந்தெந்த ஊரில் எந்த அலுமாரிக் கதவில் இருக்கிறதோ. இந்த மலர் உலகத்தில் நம் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கெல்லாம் போகும் என்றார்கள். அதனால்தான் இந்த உரைக்கு ஒத்துக்கொண்டேன்.

முத்திரையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் விடவில்லை. தினமும் அமர்கிறேன். எப்படி அமர்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

கதிரையிலோ தரையிலோ முதுகு நிமிர்ந்து அமருங்கள். சப்பணம் கட்டத்தான் வேண்டும் என்றில்லை. இடக்கையை மடியில் மலர்த்தி வைத்து, அதன்மேல் வலக்கையை மலர்த்தி, பெருவிரல் நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி வையுங்கள். அல்லது இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, சுட்டுவிரல் நுனியும் பெருவிரல் நுனியும் தொடும்படி விடுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கவேண்டுமா, கீழே பார்க்கவேண்டுமா என்று ஒவ்வொரு யோகப் பள்ளியும் ஒவ்வொன்று சொல்லும், பெயரையும் மாற்றும். உங்கள் தோள் எதில் தளர்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம். தொடுகை ஓர் இலைமேல் இன்னோர் இலை கிடப்பதுபோல் இருக்கட்டும். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். மூச்சு முட்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கினால் போதும்.

நம் கரையில் பெண்களின் கைகள் சும்மா இருந்த கைகள் இல்லை. மீன் வெட்டி, கருவாடு காயப்போட்டு, உப்பு வாரி, பாய் பின்னி, தும்பு திரித்த கைகள். என் வகுப்புக்கு வருகிறவர்களில் விரல் நீட்ட முடியாதவர்களும், காலையில் எழுந்ததும் விரல் மடங்காதவர்களும் இருக்கிறார்கள். விரலை அசைக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் இருப்பது எலும்பும் நாரும்தான். அதனால் வீங்கிய மூட்டை வலிந்து மடக்காதீர்கள். முதலில் முன்கையைத் தடவிவிடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வையுங்கள். விரல் சேராவிட்டால் வெறுமனே மடியில் வையுங்கள். அதுவும் போதும். சீனி வியாதியால் விரல் மரத்துப்போனவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு முத்திரை பிடிக்காதீர்கள்.

இனி இருதயத்தைப் பற்றி மூன்று விஷயம். இவற்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாலும் போதும்.

ஒன்று. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவேண்டும் என்றில்லை. நெஞ்சு இறுக்கம் இருக்கலாம். அதோடு, சிலவேளை அது பெரிதாகத் தெரியாமலே, தாடை, கழுத்து, முதுகு, தோள், கை வலிக்கலாம். மூச்சுத் திணறலாம், வாந்தி வருவதுபோல் இருக்கலாம், காரணமில்லாமல் குளிர் வியர்வையும் களைப்பும் வரலாம். வாயு என்று நாமே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இரண்டு. அப்படி வந்தால் வீட்டாரை எழுப்புங்கள். 1990க்கு எடுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதும் வந்துவிட்டது. காசு கேட்கமாட்டார்கள். இலக்கம் மறந்தால் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, உடுத்த உடுப்போடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களை இந்த மாவட்டம் மறக்காது. அந்த வருடம் ஓர் அவசரத்தில் யார் கதவைத் தட்டுவது என்று எத்தனை பேர் தவித்தார்கள் என்று நமக்குத் தெரியும். அம்புலன்சைக் கூப்பிட நாம் தயங்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் தங்கைமாரே, லண்டனில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000. ஊரிலிருந்து வந்து உங்களோடு இருக்கும் அம்மாமாருக்கு அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

மூன்று. இருதயத்துக்கென்று ஒரு கை அமைப்பு உண்மையிலேயே இருக்கிறது. அதையும் சொல்லித் தருகிறேன். ஒருவர் விழுந்துவிட்டார், கூப்பிட்டால் பேச்சில்லை, மூச்சு இல்லை அல்லது ஒழுங்காக இல்லை என்றால், ஒருவர் 1990க்கு எடுக்க, மற்றவர் அவரைத் தட்டையான தரையில் மல்லாக்கப் படுக்கவைக்கவேண்டும். ஒரு கையின் அடிப்பகுதியை நெஞ்சின் நடுவே வையுங்கள். அதன்மேல் மறுகையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல், உங்கள் உடம்பின் பாரத்தால் நேராகக் கீழே அமுக்குங்கள். பெரியவருக்கு ஐந்து முதல் ஆறு சென்றிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு மேலே வர விடுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். களைத்தால் ஆள் மாறுங்கள். நினைவோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு இதைச் செய்யக்கூடாது. அவரை அமரவைத்து, தனியே விடாமல், அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருங்கள். அந்த நேரத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடச் சொல்லலாம். முத்திரை கற்றவர்களுக்கு அது நன்றாக வரும்.

பேசிக் கேட்டால் இது கையில் வராது. ஒரு பொம்மையில் அமுக்கிப் பழகவேண்டும். ஆகவே சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நூற்றாண்டு நினைவாக மணிக்கூண்டு, நுழைவாயில் என்று பல யோசனைகள் வந்திருக்கின்றன. அவற்றோடு, வருடத்தில் ஒரு நாள் இந்த மண்டபத்தில் தகுதியான பயிற்சியாளரை அழைத்து முதலுதவி வகுப்பு ஒன்று நடத்துங்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளும் பழைய மாணவிகளும் ஒன்றாக வரட்டும். தமிழ்ப் பிரிவு, சிங்களப் பிரிவு என்று பிரிக்க வேண்டாம். முதல் வருடச் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன். தேநீருக்கு இஞ்சி போடும் வேலையை என் தோழி ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

அவள் இன்று வந்திருக்கிறாள். காலையில் வாசற்படியில் அவளைக் கைபிடித்து ஏற்றியபோது, "மறக்காமச் சொல்லு, விரல் பிழையில்லைன்னு சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவள் விரல் சரியாகத்தான் இருந்தது. பிழை என் தாளில் இருந்தது.